துரையின் பெயரைக் கேட்ட பிள்ளை

முதல் மூன்று மாதம் என் வகுப்பில் ஒரு பிள்ளையும் ஆங்கிலத்தில் வாய் திறக்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்கள் இப்போதுதான் தோட்டப் பள்ளிக்கூடங்களில் சின்னப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்க வந்திருக்கிறீர்கள். உங்களில் இரண்டு மூன்று பேர் என்னிடம் வந்து, பிள்ளைகள் பேசவே மாட்டேன் என்கிறார்கள், எங்களிடம்தான் ஏதோ குறை என்று வருத்தப்பட்டீர்கள். அன்றைக்கு எனக்குச் சரியாகப் பதில் சொல்ல வரவில்லை. எதிரில் ஆள் இருந்தால் எனக்கு வார்த்தை ஓடாது. தாளில் கொஞ்சம் வரும். அதனால் எழுதுகிறேன்.

பாடம் நடத்தும் முறைகள் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். நீங்கள் பயிற்சி பெற்று வந்தவர்கள். நான் சிரம்பானில் ஒரு பெண்கள் பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை படித்தவள். தம்பினில் ரயில் வேலை பார்த்த என் அப்பா, பெடாஸிலிருந்து உள்ளே போகும் செம்மண் சாலையில் இருந்த ஒரு ரப்பர் தோட்டத்து டிரஸருக்கு என்னைக் கட்டிக்கொடுத்தார். தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுப்பதும் காயம் கட்டுவதும் அவர் வேலை. பிள்ளைகள் கொஞ்சம் வளர்ந்ததும் எனக்குப் பகலில் பொழுது போகவில்லை. அப்படி வந்ததுதான் இந்த வேலை.

அந்தத் தோட்டத்து அலுவலகத்தில் கணக்கு எழுதும் கிராணிமாருக்கு நான்கு பிள்ளைகள். அவர்களை டவுனில் ஆங்கிலப் பள்ளியில் சேர்ப்பதற்கு முன்னால் கொஞ்சம் பழக்கிவிடச் சொல்லிக் கேட்டார்கள். காலையில் தமிழ்ப் பள்ளிக்கூடம் முடிந்ததும் அதே கொட்டகையில் ஒரு மணி நேரம். தோட்டத்தை நடத்தும் வெள்ளைக்காரத் துரையும் சரி என்றுவிட்டார். தொழிலாளிகளின் பிள்ளைகள் பள்ளி விட்ட பிறகும் தங்கள் லயத்து வரிசை வீடுகளுக்குப் போகாமல் அரைச்சுவருக்கு வெளியே நின்று எட்டிப் பார்ப்பார்கள். ஒரு நாள் மழை கொட்டியது. நனைகிறார்களே என்று உள்ளே கூப்பிட்டேன். மழை விட்ட பிறகு வெளியே போங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மறுநாளும் வந்து உட்கார்ந்தார்கள். நான்கு பேர் வகுப்பு இருபது பேர் வகுப்பாகிவிட்டது. நான் யாரிடமும் கேட்கவும் இல்லை, சொல்லவும் இல்லை.

அந்த இருபது பேரும்தான் மூன்று மாதம் வாய் திறக்கவில்லை. புத்தகத்தில் பனி பெய்தது, கம்பளி ஆடு மேய்ந்தது. அதை மூடி வைத்துவிட்டு ரப்பர் பால் பிடிக்கும் மங்கு, வாளி, மரம் சீவும் உளிக்கத்தி என்று அவர்கள் வீட்டுச் சாமான்களையே கொண்டுவந்து மேசையில் வைத்தேன். எது வாளி என்று ஆங்கிலத்தில் கேட்டால் விரலால் காட்டினார்கள். சொல் என்றால் தரையைப் பார்த்தார்கள்.

கடைசியில் நான் படித்த பள்ளியின் வழக்கம் ஒன்றைக் கொண்டுவந்தேன். பேசுகிற பிள்ளை எழுந்து நிமிர்ந்து நிற்க வேண்டும். கைகள் பக்கத்தில் இருக்க வேண்டும். எதிரில் இருப்பவர் முகத்தைப் பார்க்க வேண்டும். கடைசிப் பெஞ்சுக்குக் கேட்கும்படி சொல்ல வேண்டும். ஒரு பிள்ளை கேட்கும், இன்னொன்று பதில் சொல்லும். பதில் சொல்கிற பிள்ளை முகத்தைப் பார்த்துச் சொல்லும்வரை கேட்ட பிள்ளை உட்காரக் கூடாது. இதை அவர்கள் ஒரு விளையாட்டாக எடுத்துக்கொண்டார்கள். இரண்டே வாரத்தில் கொட்டகை சந்தைக்கடை ஆகிவிட்டது.

கடைசியாகப் பேசத் தொடங்கியவள் அஞ்சலை. பால்மரம் சீவும் முனியாண்டியின் மகள். ஏழு வயது. மற்றவர்கள் கத்தும்போதெல்லாம் பெஞ்சின் ஓரத்தைச் சுரண்டிக்கொண்டிருப்பாள். ஒரு நாள் தானாக எழுந்து, பெரிய கிராணி மகனைப் பார்த்து, "குட் மார்னிங். மை நேம் இஸ் அஞ்சலை. வாட் இஸ் யுவர் நேம்?" என்றாள். அத்தனை நாள் சேர்த்து வைத்திருந்த குரல் போலிருந்தது. அதற்குப் பிறகு யாரையும் விடவில்லை. தண்ணீர்க் குழாயடியில் பெண்களைக் கேட்டாள். ஆட்டைக்கூடக் கேட்டதாகச் சொன்னார்கள்.

எனக்கு ஒரே பெருமை. அப்போது தமிழ்ப் பள்ளிக்கூடத்துப் பெரிய வாத்தியார் ஒரு நாள் வாசலில் நின்று வகுப்பைப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"நல்லாத்தான் நிமிர வச்சிருக்கீங்க டீச்சரம்மா. வெளிய அனுப்பறப்ப கொஞ்சம் குனிய வச்சு அனுப்புங்க."

கிண்டல் செய்கிறார் என்று நினைத்தேன். அவர் வகுப்பில் இத்தனை சத்தம் இல்லையே என்ற பொறாமை என்றுகூட நினைத்தேன். அவரை நிறுத்தி ஏன் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

அந்தத் தோட்டத்தில் துரை வந்தால் எப்படி நிற்பார்கள் என்று உங்களுக்குத் தெரியும். பாதையை விட்டுப் புல்லில் இறங்க வேண்டும். தலைத்துண்டு கக்கத்துக்குப் போய்விடும். குடை மடங்கிவிடும். கண் தரையில் இருக்கும். துரையிடம் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் பெரிய கங்காணிதான் சொல்வார். அவர்தான் அந்த ஜனங்களை ஊரிலிருந்து கப்பலேற்றி அழைத்துவந்தவர். செக்ரோல் என்ற வேலைப் பதிவேட்டில் யார் பெயர் இருக்க வேண்டும், யார் பெயரை வெட்ட வேண்டும் என்பது அவர் வாயில் இருந்தது. இதெல்லாம் எனக்கும் தெரியும். ஆனால் நான் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த நிமிர்வும் இந்தப் பாதையும் ஒரு நாள் சந்திக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

அவை பால் நிறுக்கும் கொட்டகையில் சந்தித்தன. அதை நான் பார்க்கவில்லை. பார்த்தவர்கள் ஆளுக்கொரு விதமாகச் சொன்னார்கள். எல்லாரும் ஒத்துக்கொண்டது இவ்வளவுதான்: அஞ்சலை அப்பாவுக்குச் சோறு கொண்டுபோயிருக்கிறாள். வாளிகளோடு ஆட்கள் வரிசையில் நின்றிருக்கிறார்கள். துரை மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கியதும் எல்லாரும் ஒதுங்கித் தலையைக் குனிந்திருக்கிறார்கள். அஞ்சலை மட்டும் பாதை நடுவில் நின்று, கைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, துரையின் முகத்தை நேராகப் பார்த்து, கடைசிப் பெஞ்சுக்குக் கேட்கும்படி வணக்கம் சொல்லி, தன் பெயரைச் சொல்லி, அவர் பெயரைக் கேட்டிருக்கிறாள். கேட்டுவிட்டு உட்காராமல் பதிலுக்குக் காத்து நின்றிருக்கிறாள்.

அன்று வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போதே பெரிய கங்காணி வந்தார். பின்னால் முனியாண்டி, அஞ்சலையின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு.

"டீச்சரம்மா, இது பள்ளிக்கூடமா, தொரைய நிக்க வச்சு வெசாரிக்கிற கோர்ட்டா?"

"என்ன ஆச்சு கங்காணி?"

"என்ன ஆச்சா! இருவது வருசமா இந்தத் தோட்டத்துல கெடக்கேன். தொரை பேரு என்னான்னு இன்னிக்கு வரைக்கும் நான் கேட்டதில்ல. இந்தச் சுண்டெலி கேக்குது, மூஞ்சிக்கு நேரா நின்னு! ஆளுக அத்தன பேரும் வாய்க்குள்ள சிரிக்கிறானுக."

"துரை என்ன சொன்னார்?"

"மூஞ்சி செவந்து போச்சு. இங்கிலீசுல என்னமோ கேட்டாரு. யாரு சொல்லிக் குடுத்தான்னு கேக்குறாருன்னு கிராணி சொன்னாரு. வண்டிய எடுத்துக்கிட்டுப் போயிட்டாரு. இதுக்கு மேல என்னா சொல்லணும்?"

பிறகு தீர்ப்பையும் அவரே சொன்னார். மறுநாள் காலைப் பெரட்டில், அதாவது விடியற்காலையில் எல்லாரையும் நிறுத்திப் பெயர் கூப்பிடுகிற இடத்தில், நானே அஞ்சலையின் கையில் நான்கு பிரம்படி போட வேண்டும். துரை பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் முனியாண்டியின் பெயர் செக்ரோலில் இருக்காது.

முனியாண்டி அதுவரை தலையைத் தூக்கவில்லை. கங்காணி வெளியே போனதும் மெதுவாகச் சொன்னான்:

"அடிச்சிருங்கம்மா. நீங்க அடிச்சா மெதுவாத்தான் அடிப்பீங்க. பேர வெட்டிட்டா நாங்க எங்கம்மா போறது? லயத்து வீடும் போயிரும்."

நான் ஒன்றும் சொல்லவில்லை. நான் ஒத்துக்கொண்டதாக அவன் நினைத்துக்கொண்டு போனான். என்னைப் போலக் கூச்சமுள்ளவர்கள் யாராவது உங்களில் இருந்தால் இதை நினைவில் வையுங்கள். நாம் பதில் தெரியாமல் நின்றால் அது சம்மதம் என்றுதான் எதிரில் இருப்பவருக்குப் படும். "எனக்கு யோசிக்க நேரம் வேண்டும்" என்று சொல்வதற்காவது பழகிக்கொள்ளுங்கள்.

என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் கெட்ட மனிதர் அல்ல. "நாலு அடிதானே. பத்து நாள்ல புள்ள மறந்துடும். பேர வெட்டிட்டா அந்தக் குடும்பம் ரோட்டுக்கு வந்துடும். கைய மெதுவா எறக்கு, போதும்" என்றார். யோசித்துப் பார்த்தால் அதில் தப்பே இல்லை. நான் அடித்துவிடுவது என்று முடிவு செய்துகொண்டுதான் மறுநாள் பெரட்டுக்குப் போனேன். இதையும் மறைக்கக் கூடாது.

அந்தக் களத்துக்கு நான் அதற்கு முன் போனதே இல்லை. விடிந்தும் விடியாமலும் இருந்தது. ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம், இருநூறு பேர் இருப்பார்கள். கங்காணி தன் பிரம்பையே என் கையில் கொடுத்தார். அஞ்சலையை முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார்கள். நான் சொல்வதற்கு முன்பே அவள் கையை நீட்டிவிட்டாள்.

உள்ளங்கை மினுமினுத்தது. அடி உறைக்காமல் இருக்கட்டும் என்று அவள் அம்மா தேங்காய் எண்ணெய் தடவி அனுப்பியிருந்தாள். பெண்கள் வரிசையில் அந்த அம்மா வேறு எங்கோ பார்த்துக்கொண்டு நின்றாள். ஆனால் என்னை நிறுத்தியது எண்ணெய் அல்ல. கையை நீட்டிய பிள்ளை நிமிர்ந்து நின்றது. என் முகத்தைப் பார்த்தது. நான் எப்படிச் சொல்லிக்கொடுத்தேனோ அப்படியே. இதுவும் பாடத்தில் ஒரு பகுதி, டீச்சர் சொன்னபடி ஒழுங்காகச் செய்ய வேண்டும் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

பிரம்பைக் கீழே வைத்துவிட்டேன்.

"கங்காணி, நான் சொல்லிக் குடுத்ததத்தான் அவ செஞ்சா. தப்புன்னா அது எம்மேல. என் பேர வெட்டுங்க."

"ஒங்க பேரு செக்ரோல்லயே இல்லையே டீச்சரம்மா. எங்கேருந்து வெட்டுறது?"

ஆட்கள் சிரித்தார்கள். எனக்குக் காது சுட்டது. அந்த நேரம் பார்த்து மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. சிரிப்பு நின்றது. இருநூறு தலை குனிந்தது. என் கண்ணுக்கு எதிரில் இரண்டு பூட்ஸ் வந்து நின்றபோதுதான் எனக்கு உறைத்தது, என் தலையும் குனிந்திருக்கிறது என்று. முகத்தைப் பார், முகத்தைப் பார் என்று பிள்ளைகளை மிரட்டிக்கொண்டிருந்தவள் அந்த மனிதர் முகத்தை அன்றுவரை ஒரு முறைகூடப் பார்த்ததில்லை. ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தேனே தவிர, ஒரு வெள்ளைக்காரரிடம் ஒரு வார்த்தை ஆங்கிலம் பேசியதும் இல்லை.

நிமிர்ந்து பார்த்தேன். நினைத்ததைவிட இளம் வயது. மூக்கு வெயிலில் உரிந்திருந்தது. நான் பேசினேன். ஐந்து வாக்கியம் இருக்கும், அதில் இரண்டு தப்பு. அந்தப் பிள்ளை என் மாணவி, அப்படி நிற்கச் சொன்னதும் கேட்கச் சொன்னதும் நான், அவளுடைய அப்பாவுக்கு இதில் சம்பந்தமில்லை, தண்டிப்பதானால் என்னைத் தண்டியுங்கள் என்று ஒரு மாதிரி சொல்லி முடித்தேன்.

எதைப் பற்றிப் பேசுகிறேன் என்று நினைவுக்கு வர அவருக்குச் சற்று நேரம் பிடித்தது. யார் சொல்லிக்கொடுத்தது என்று தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன் என்றார். பிறகு, அந்தப் பாதையில் லாரி வரும், லாரி யாருக்கும் வணக்கம் சொல்லிக்கொண்டு நிற்காது, அதனால் முதலில் பாதையை விட்டு இறங்கச் சொல்லிக்கொடு, அப்புறம் பேசட்டும் என்றார். என்னிடம் இருக்கும் கிராணிகளே போதும், இன்னும் இருபது பேரை உண்டாக்கிவிடாதே என்றும் சொன்னார். தன் பெயரை அவர் சொல்லவில்லை. கங்காணி பக்கம் திரும்பி, தமக்குத் தெரிந்த தமிழில், "அடி வேண்டாம் கங்காணி. வேலை பாரு" என்றார்.

வீட்டுக்குத் திரும்பும்போது என் கால் தரையில் படவில்லை. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

அஞ்சலை அன்று வகுப்புக்கு வரவில்லை. மறுநாளும் வரவில்லை. அடுத்த வாரம் லயத்துப் பிள்ளைகள் ஒவ்வொருவராக வருவதை நிறுத்தினார்கள். கடைசியில் கிராணிமார் பிள்ளைகள் நான்கு பேரும், யார் சொல்லியும் கேட்காத மூன்று வாலுகளும் மிச்சம். பெரிய வாத்தியாரிடம் போய்க் கேட்டேன். இந்த முறை நானாகப் போய்க் கேட்டேன்.

"தொரை வண்டியில வருவாரு, போயிருவாரு டீச்சரம்மா," என்றார் அவர். "கங்காணி வீடு முனியாண்டி வீட்டுக்கு எதுத்தாப்புல இருக்கு. இருநூறு பேரு முன்னாடி அந்த மனுசன் பிரம்ப நீட்டினாரு, நீங்க கீழ போட்டீங்க. தொரையும் வேலையப் பாருன்னுட்டாரு. அந்தச் சூட்ட அவரு எங்க போய் எறக்கி வைப்பாரு?"

முனியாண்டிக்கு மேட்டுக்காட்டில் தூரத்து மரங்களைச் சீவக் கொடுத்திருந்தார்கள். அஞ்சலை அம்மாவோடு, மரத்திலும் மங்கிலும் உறைந்து கிடக்கும் ஒட்டுப்பால் பொறுக்கப் போய்க்கொண்டிருந்தாள்.

டிரஸர் வீட்டுப் பெண் லயத்துக்குள் போகிற வழக்கம் இல்லை. நான் போனேன். வாசலில் ஒட்டுப்பாலைப் பிரித்துக்கொண்டிருந்த அஞ்சலையின் அம்மா எழுந்து, கையைத் துடைத்துவிட்டு, ஒரு பலகையை எடுத்துப் போட்டாள். மரியாதைக்குக் குறைவில்லை.

"நீங்க நல்லதுதாம்மா செஞ்சீங்க," என்றாள். "ஒங்க நல்லதுக்கு நாங்க மேடேறிக்கிட்டு இருக்கோம்."

"அஞ்சலை!" என்று உள்ளே பார்த்துக் கூப்பிட்டேன். வந்தாள். வாசல்படியில் நின்றுகொண்டு தரையைப் பார்த்தாள். முதல் மூன்று மாதம் பார்த்த அதே தரை. அடி விழாமலே அது நடந்துவிட்டது.

உங்களுக்கு நான் சொல்ல நினைத்ததில் முக்கியமானது இது. ஒரு பிள்ளையைக் காப்பாற்றுகிற அவசரத்தில், இதில் யார் தோற்கப்போகிறார் என்று நான் பார்க்கவில்லை. தோற்றவர் அந்தப் பிள்ளைக்கு எதிர்வீட்டுக்காரர். பிரம்பைக் கீழே வைத்தது சரி, இன்றைக்கும் அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் வைத்துவிட்டு நான் வீட்டுக்குப் போய்விட்டேன். அது தப்பு.

"திரும்பவும் தொரைகிட்டச் சொல்லேன். இப்பத்தான் பேசப் பழகிட்டியே" என்றார் என் வீட்டுக்காரர். சொல்லலாம். மேட்டுக்காடு மாறியிருக்கும். ஆனால் இரண்டாம் முறையும் கங்காணி தலைக்கு மேல் போனால் முனியாண்டி குடும்பம் அந்த லயத்தில் எப்படிக் குடியிருக்கும்? ஒரு நாள் முழுவதும் யோசித்துவிட்டு, சாயங்காலம் கங்காணி வீட்டுக்கே போனேன்.

அவர் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார்.

"என்னா டீச்சரம்மா, தனியா வந்திருக்கீங்க? தொரையக் கூட்டிக்கிட்டு வரலையா?"

வழியெல்லாம் தயார் செய்துகொண்டு வந்த பேச்சு அத்தனையும் அந்தக் கேள்வியில் போய்விட்டது. மிச்சம் இருந்ததைச் சொன்னேன்.

"தப்புப் பண்ணிட்டேன் கங்காணி."

"எது?"

"லயத்துப் புள்ளைங்கள ஒங்களக் கேக்காம உக்கார வச்சேன். மொதல்லயே ஒங்ககிட்ட வந்து ஒரு வார்த்த சொல்லியிருக்கணும்."

"ம். பெரம்பக் கீழ போட்டது?"

அவர் மனைவி காப்பிக் குவளையோடு கதவருகில் நின்றுவிட்டாள். ஆமாம், அதுவும் தப்புதான் என்று சொல்லியிருந்தால் காரியம் அந்த இடத்திலேயே முடிந்திருக்கும். அப்படிச் சொன்னால் அவர் என்னை மன்னிப்பார், ஆனால் அஞ்சலையை அடிக்க வேண்டியதுதான் என்று நானே ஒத்துக்கொண்டதாகிவிடும்.

"அது தப்பில்லைங்க," என்றேன்.

அவர் வெற்றிலையை வாயில் போட்டு மெல்லத் தொடங்கினார். வெகு நேரம் மென்றார்.

"பொய் சொல்ல வரலையே ஒங்களுக்கு," என்றார் கடைசியில். "சரி, காப்பியக் குடிங்க."

குவளையை வாங்கிக்கொண்டேன். அதைப் பார்த்துக்கொண்டே கேட்டேன்: "சனிக்கிழம வகுப்புக்கு வாங்க கங்காணி. புள்ளைங்க என்ன படிக்குதுன்னு நீங்க ஒரு தடவ பாக்கணும். நாற்காலி போட்டு வைக்கிறேன். எல்லாம் எழுந்து ஒங்களுக்கு வணக்கம் சொல்லும், ஒங்கள சார்னு கூப்பிடும்."

"என்னையா?"

"ஆமா."

"எனக்கு என்னா இங்கிலீசு தெரியும்?" என்று துப்புவதற்கு எழுந்து போனவர் நான் கிளம்பும்வரை திரும்பவில்லை. வருவதாகவும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் எங்கள் அடுப்படிப் பக்கத்துக் கதவில் நிழல் தட்டியது. கங்காணி.

"டிரஸர் இருக்காரா?"

டிரஸர் ஆஸ்பத்திரியில் இருப்பது அவருக்குத் தெரியும். "இல்லைங்களே," என்றேன்.

"சரி சரி." போகாமல் நின்றார். தலைத்துண்டை அவிழ்த்துத் திரும்பவும் கட்டினார். "அந்த... பேரு என்னான்னு கேப்பாங்களே. அதுக்கு என்னா பதிலு? சும்மாதான் கேட்டேன்லா. நாலு புள்ளைக முன்னாடி அசிங்கப்பட்டுறக் கூடாது பாருங்க."

சொல்லிக்கொடுத்தேன். மூன்று முறை சொல்லிப் பார்த்தார். தனக்குக் கீழே ஆட்களை மேய்க்கும் மண்டோர் யாராவது பார்க்கிறார்களா என்று இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, உதட்டை அசைத்துக்கொண்டே பாதையில் இறங்கிப் போனார்.

சனிக்கிழமை கறுப்புக் கோட்டு, தலைப்பாகை என்று திருவிழாவுக்குப் போவது போல் வந்தார். ஏழு பிள்ளைகளும் எழுந்து வணக்கம் சொன்னார்கள். நாற்காலியில் உட்கார்ந்து ஒவ்வொரு முகமாகப் பார்த்தார்.

"முனியாண்டி மவ எங்க?"

பிள்ளைகள் என் முகத்தைப் பார்த்தார்கள். அவர் எழுந்து வெளியே போய்விட்டார். கோபித்துக்கொண்டுதான் போகிறார், எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். பாடத்தையும் தொடர முடியவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அரைச்சுவருக்கு மேலே அவர் தலைப்பாகை தெரிந்தது. ஒரு கையில் அஞ்சலையின் மணிக்கட்டு. அவள் கையில் ஒட்டுப்பால் கூடை. பின்னால் சற்றுத் தள்ளி அவள் அம்மா, சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாக. அன்றைக்கு முனியாண்டி அந்தப் பிள்ளையை இழுத்துவந்தது என் கண்முன் வந்தது.

கங்காணி அவளை நடுவில் நிறுத்திவிட்டுத் தன் நாற்காலிக்குப் போனார்.

"இவதான் கேக்கணும். தொரைகிட்ட கேட்டவ எங்கிட்ட கேக்க மாட்டாளா? நான் என்னா கொறஞ்சவனா?"

அஞ்சலை தரையைப் பார்த்தாள். பெஞ்சைச் சுரண்ட அங்கே பெஞ்சு இல்லை, கூடையின் விளிம்பைச் சுரண்டினாள். சொல்லு கண்ணு என்று என் வாய் வரைக்கும் வந்தது. அடக்கிக்கொண்டேன். நான் சொல்லி அவள் ஒரு முறை பேசியாகிவிட்டது. அதற்கு என்ன கிடைத்தது என்று அவளுக்குத் தெரியும். இந்த முறை பேசுவதா வேண்டாமா என்று அவள்தான் முடிவு செய்ய வேண்டும். வாத்தியார் வேலையில் நான் செய்த கடினமான காரியம் அந்தச் சில நிமிஷம் வாயை மூடிக்கொண்டு நின்றதுதான்.

அவள் கூடையைக் கீழே வைத்தாள். கைகளைப் பாவாடையில் துடைத்தாள். பக்கத்தில் வைத்துக்கொண்டாள். தலை மெதுவாக நிமிர்ந்தது.

"குட் மார்னிங், சார். மை நேம் இஸ் அஞ்சலை. வாட் இஸ் யுவர் நேம்?"

கங்காணி எழுந்தார். அவ்வளவு பெரிய ஆள். எழுந்த வேகத்தில் அவர் கை தானாகத் தலைக்குப் போனது. தலைப்பாகையை எடுத்துக் கக்கத்தில் வைத்தது. இரண்டு கையும் மார்போடு கட்டிக்கொண்டன. கண் தரைக்குப் போனது. அதுவரை அவரிடம் ஆங்கிலத்தில் கேள்வி கேட்டவர்கள் துரைமார் மட்டும்தான். அந்தச் சத்தம் காதில் விழுந்தால் அவர் உடம்புக்குத் தெரிந்தது அது ஒன்றுதான்.

"மை நேம்..." என்றார் தரையைப் பார்த்து. பிறகு நின்றுவிட்டார்.

பிள்ளைகள் சிரிக்கவில்லை. அந்த மூன்று வாலுகள்கூடச் சிரிக்கவில்லை. அஞ்சலை அசையவில்லை. எதிரில் இருப்பவர் முகத்தைப் பார்த்துச் சொல்லும்வரை கேட்டவர் உட்காரக் கூடாது. அவள் அண்ணாந்து அவர் முகத்தைப் பார்த்தபடி, அவசரம் ஒன்றும் இல்லாதவள் போல நின்றாள்.

அவர் அதைக் கவனித்தார். கட்டிய கைகள் அவிழ்ந்தன. தலைப்பாகை கக்கத்திலிருந்து நழுவி நாற்காலியில் விழுந்தது, அதை எடுக்கவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகத் தலையைத் தூக்கி அந்தச் சின்ன முகத்தைப் பார்த்தார்.

"மை நேம் இஸ் மாரிமுத்து," என்றார். கடைசிப் பெஞ்சுக்கு மட்டுமல்ல, வெளியே நின்ற அஞ்சலையின் அம்மாவுக்கும் கேட்டது. அவருக்கு அப்படி ஒரு பெயர் இருந்தது அந்தத் தோட்டத்தில் பாதிப் பேருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

அஞ்சலை சரி என்பதுபோல் தலையசைத்தாள். ஒட்டுப்பால் கூடையை எடுத்துக்கொண்டுபோய்ப் பெஞ்சுக்கு அடியில் தள்ளிவிட்டு, தன் பழைய இடத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

கங்காணி இன்னும் நின்றுகொண்டிருந்தார்.

"அவ்வளவுதானா?" என்றார் என்னைப் பார்த்து. "இன்னொண்ணு கேக்கச் சொல்லுங்க, டீச்சரம்மா."